உடைத்துப் பார்த்துக் கட்டிய விமானம்

ஸ்ப்ரூஸ் பலகையின் முகத்தில் பேனா மையை ஒரு சொட்டு விட்டால், அது வட்டமாகப் பரவுவதில்லை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக மெல்லிய கோடாக நீள்கிறது. அந்தக் கோடு பலகையின் விளிம்பிலிருந்து எவ்வளவு சாய்கிறது என்று அளக்க வேண்டும். 15 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால், அந்தப் பலகை இறக்கையின் ஸ்பாருக்கு ஆகாது. ஸ்பார் என்பது இறக்கையின் நீளம் முழுவதும் ஓடி, விமானத்தின் எடை மொத்தத்தையும் காற்றில் தாங்குகிற சட்டம். என் கராஜுக்கு வந்து இறங்கிய முதல் கட்டில் இருந்த ஆறு பலகைகளில் இரண்டை இந்தச் சொட்டு மையை வைத்துத்தான் ஒதுக்கினேன். கண்ணுக்கு அவை இரண்டும் மற்ற நான்கையும்விட அழகாக இருந்தன.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரில், இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜில் ஏழு ஆண்டுகளாக நான் கட்டிய விமானத்தின் பெயர் பீட்டன்போல் ஏர் கேம்பர். மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, தலைக்கு மேலே ஒற்றை இறக்கை வைத்து, முன்னும் பின்னுமாக இருவர் உட்காரும் திறந்த விமானம் அது. இறக்கையின் நீளம் 29 அடிக்குச் சற்றுக் குறைவு, உடலின் நீளம் 18 அடிக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் பாகங்களாக வந்து, பூட்டினால் விமானமாகிவிடும் கிட் வகையைச் சேர்ந்ததில்லை இது. வாங்கியது சில தாள்களில் அச்சிட்ட வரைபடம் மட்டுமே. மீதி எல்லாம் மரமாகவும் தகடாகவும் துணியாகவும் தனித்தனியே வாங்கி, வெட்டி, இழைத்து, ஒட்டிச் செய்தவை.

இந்த வரைபடம் பிறந்த இடம் என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய செர்ரி க்ரோவ் என்னும் மிகச் சிறிய ஊர். அங்கே மெக்கானிக்காக இருந்த பெர்னார்ட் பீட்டன்போல், 1901இல் பிறந்தவர், விமானம் கட்டுவதைத் தானாகவே கற்றுக்கொண்டார். அக்காலத்து விமான எஞ்சின்கள் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தபோது, ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றி விமானத்தில் பொருத்தி, 1929இல் பறந்தும் காட்டினார். கார் எஞ்சினால் விமானம் பறக்காது என்று மின்னியாபொலிஸிலிருந்து வெளிவந்த மாடர்ன் மெக்கானிக்ஸ் இதழின் ஆசிரியர் எழுதியபோது, பீட்டன்போலும் அவருடைய நண்பரும் 1930இல் இரண்டு விமானங்களில் அந்த நகருக்கே பறந்துபோய் இறங்கினார்கள். அதற்குப் பின் அந்த இதழ் அவருடைய விமானத்தின் வரைபடத்தையே வெளியிட்டது. 1930களின் தொடக்கத்தில் ஆரின் ஹூப்மன் என்ற இளைஞர் அதைத் திருத்தமாக மறுபடி வரைந்தார். என் சுவரில் ஏழு ஆண்டுகள் தொங்கியது அந்த வரைபடத்தின் நகல்தான்.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கட்டும் விமானங்களின் வரலாற்றில் நடந்த ஒரு துயரம் எனக்கு எப்போதும் நினைவில் இருந்ததுதான் முதல் காரணம். பிரான்ஸில் ஆன்ரி மின்யே என்பவர் 1933இல் ஒரு குட்டி விமானத்தைச் செய்து பறந்தார். மரப்பெட்டி செய்யத் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம் என்று நூலும் எழுதினார். அதைப் படித்துப் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கானோர் கட்டத் தொடங்கினார்கள். 1935, 1936 ஆண்டுகளில் அவர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். இரு நாடுகளிலும் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் காரணம் தெரியவந்தது: ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியிருந்த இரண்டு இறக்கைகளின் அமைப்பால், மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால் விமானி எவ்வளவு இழுத்தாலும் அது நிமிரவில்லை. கட்டியவர்களில் பலர் வரைபடத்தை அப்படியே பின்பற்றியவர்கள். அவர்களுடைய கைவேலையில் குற்றம் இல்லை. ஆகவே, நான் கட்டுவது பலர் பல பத்தாண்டுகள் பறந்து, அதன் குணம் எல்லாம் வெளிப்பட்டுவிட்ட விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

வரைபடத்தைக் கையில் வாங்கிய நாளில் எனக்கு ஏற்பட்டது திகைப்பு. அளவுகள் இருந்தன, எதை முதலில் செய்ய வேண்டும், எந்த மரத்தை ஏற்க வேண்டும், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது பண்ணைகளில் வளர்ந்து, கையில் எப்போதும் உளியும் ரம்பமும் இருந்தவர்களுக்காக வரைந்தது. ஆனால் அளவுகள் மட்டும் எனக்கு உடனே பழக்கமாகிவிட்டன. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் ஆசாரி, ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துத்தான் பேசுவார். வரைபடத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கனமுள்ள ப்ளைவுட் என்று இருந்ததை நான் அரை நூல் ப்ளைவுட் என்றும், எட்டில் ஒரு பங்கு என்று இருந்ததை ஒரு நூல் என்றும் மனத்துக்குள் படித்துக்கொண்டேன். கடைசி வரை அப்படியேதான் படித்தேன்.

மரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் ஓராண்டு நான் கட்டியதைவிட மரத்தைப் பார்த்ததே அதிகம். வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரத்தில், அலாஸ்கா வரை வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ், அதன் எடைக்கு மிக வலுவானது. நீண்ட, முடிச்சில்லாத பலகையாகவும் கிடைக்கும். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களை எண்ண வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடியது, மரம் நின்றிருந்த காலத்தில் புயலிலோ, வெட்டிச் சாய்த்தபோது விழுந்த அதிர்ச்சியிலோ நார்கள் உள்ளுக்குள் மடங்கி நசுங்கிப்போயிருப்பது. நாருக்குக் குறுக்கே மயிரிழை அகலத்தில் ஒரு சுருக்கம் மட்டும் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பலகையோடு படுக்கவைத்து ஒளியைச் சாய்வாக ஓடவிட்டால்தான் அது நிழலாக எழும். இரவு பதினொரு மணிக்கு, பதினான்கு அடிப் பலகையின் மேல் குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அங்குலம் அங்குலமாக ஒளியை நகர்த்திப் போவேன். அப்படித் தேடிய எல்லா இரவுகளிலும் சேர்த்து ஒரே ஒரு சுருக்கம்தான் கண்டேன். அந்தப் பலகையை வெட்டி அலமாரித் தட்டாக்கிவிட்டேன்.

ஒட்டு வேலை ரிப்களில் தொடங்கியது. ரிப் என்பது இறக்கைக்கு அதன் வளைந்த முகத்தைக் கொடுக்கும் விலாச் சட்டம். கால் அங்குலத்துக்கு அரை அங்குலக் குச்சிகளால் செய்யப்படுவது. மூட்டுக்கு மூட்டு அரை நூல் ப்ளைவுட்டில் சிறு துண்டு வைத்து ஒட்டப்படுவது. கனமான பலகையில் முழு அளவில் வரைந்து, கோட்டின் இருபுறமும் சிறு கட்டைகளை அறைந்து, அதற்குள் குச்சிகளைப் பொருத்தி ஒட்ட வேண்டும். முன்முனையின் வளைவுக்கான குச்சியை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டி உலரவிட வேண்டும். இறக்கைக்கு ஏறத்தாழ முப்பது ரிப்கள். ஓர் இரவுக்கு ஒன்று என்று நான் வகுத்துக்கொண்டேன்.

எபாக்சிப் பசைக்கு, மரத்தச்சர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் க்ளாம்பைப் பலமாக இறுக்கக் கூடாது. இறுக்கினால் பசை வெளியே பிதுங்கி, மூட்டு உள்ளே பட்டினியாக நின்றுவிடும். இரண்டு பக்கமும் தொட்டு நிற்கும் அளவுக்கு அழுத்தினால் போதும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே பசையில் அதே மரத்தின் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும். அடுத்த நாள் அதைக் குறட்டில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டும். உடைந்த முகம் முழுக்க மர நாராக இருந்தால் ஒட்டு சரி. பசையின் பளபளப்பான தோல் தெரிந்தால் ஒட்டு தவறு.

இரண்டாம் குளிர்காலத்தில் என் தவறு நேர்ந்தது. அதுவரை பசையின் இரண்டு பகுதிகளையும் ஊசியில்லாத சிரிஞ்சால் சம அளவாக எடுத்துக் கலந்துவந்தேன். இன்னும் துல்லியமாகச் செய்யலாம் என்று ஒரு மின்னணுத் தராசு வாங்கி, இரண்டையும் சம எடையாக நிறுத்துக் கலக்கத் தொடங்கினேன். நான் பயன்படுத்திய பசைக்குக் கொள்ளளவில்தான் ஒன்றுக்கு ஒன்று. எடையில் பிசின் 100 பங்கு என்றால் கடினமாக்கி 83 பங்குதான், ஏனென்றால் பிசின் அடர்த்தி கூடியது. டப்பாவின் மேலேயே அது அச்சிடப்பட்டிருந்தது. அந்த வாரம் அலுவலக வேலை மிகுந்திருந்ததால், சோதனைத் துண்டுகளை உடைக்காமல் சேர்த்துவைத்து, ரிப்களை மட்டும் தொடர்ந்து ஒட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாம் நாள் உட்கார்ந்து அத்தனை துண்டுகளையும் உடைத்தேன். முதல் துண்டு சுத்தியல் பட்டதும் ஒட்டுக் கோட்டிலேயே பிளந்தது; மரத்தில் ஒரு நார்கூட எழவில்லை. பசையை நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. மீதி எட்டும் அப்படியே.

ஒன்பது ரிப்கள் சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு முன் செய்தவற்றுக்கும் அவற்றுக்கும் பார்வையில் எந்த வேறுபாடும் கிடையாது. கையால் முறுக்கிப் பார்த்தால்கூடத் தாங்கும். விமானத்தில் பொருத்தித் துணி போர்த்திவிட்டால் பிறகு யாரும் அவற்றைப் பார்க்கப்போவதில்லை. அன்றிரவே ஒன்பதையும் ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டுத்தான் தூங்கப் போனேன். முழுசாக விட்டுவைத்தால் மறுநாள் காலையில் நானே சமாதானம் சொல்லிக்கொள்வேனோ என்று பயமாக இருந்தது. அன்றிலிருந்து, சோதனைத் துண்டு உடைந்து மரநாரைக் காட்டும் வரை அடுத்த ரிப்புக்குக் குச்சி வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இந்த ஏழு ஆண்டுகளில் உடைத்த துண்டுகளைத் தேதியோடு ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். விமானத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் பெட்டியைத்தான் காட்டுகிறேன்.

இங்குள்ள சட்டம் இந்த வேலைக்கு இடம் தருவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தொழிலாக இல்லாமல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருக்க வேண்டும் என்பதே அடிப்படை. கட்டுகிறவர்கள் இதை 51 சதவீத விதி என்பார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து, நாள்குறிப்பு எழுதி வைக்க வேண்டும். 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி தொடங்கிய ஈ.ஏ.ஏ. என்னும் சங்கத்தில், முன்பே விமானம் கட்டி முடித்தவர்கள் கட்டணம் வாங்காமல் வீட்டுக்கு வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். என் கராஜுக்கு மூன்று முறை வந்தவர், எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற விவசாயி. அவர் பேசியது மிகக் குறைவு. உலோகப் பிடிப்புகளுக்காக நான் அறுத்து வைத்திருந்த குரோமோலி எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் எங்கெல்லாம் தடுக்கியதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அரத்தின் தடம் விளிம்புக்குக் குறுக்கே இருந்தால், அதிர்வில் விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும். அவர் வைத்துவிட்டுப் போன புள்ளிகளை மெருகேற்றி அழிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

ஐந்தாம் ஆண்டு கோடையில் அம்மா ஆறு மாதம் வந்து தங்கினார். இறக்கைக்குத் துணி போர்த்தும் பருவம் அது. பாலியெஸ்டர் துணியைச் சட்டத்தில் ஒட்டி, அளந்து சூடேற்றிய இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், அது சுருங்கி மேளத்தோல்போல் இறுகிவிடும். முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசியில் 350; அதற்கு மேல் போனால் துணி தளர்ந்து கெட்டுவிடும். பறக்கும்போது இறக்கையின் மேல்முகத்துத் துணியைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும் என்பதால், ஒட்டு மட்டும் போதாது. மெழுகு பூசிய நூலால் துணியை ஒவ்வொரு ரிப்போடும் சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, ஒருவர் இந்தப் பக்கமிருந்து நீண்ட ஊசியைக் குத்தி அனுப்ப, மறுபக்கத்தில் நிற்பவர் வாங்கி, ரிப்பின் அடுத்த பக்கமாகத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு தையலும் தனி முடிச்சாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த முடிச்சு விடாது.

அந்த முடிச்சைப் படத்தைப் பார்த்துப் பழக எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அம்மா நான் போடுவதை நான்கைந்து முறை பார்த்துவிட்டு, "யய்யா, நூலை இங்க கொண்டா" என்று வாங்கி, பூக் கட்டுகிற விரல்களால் போட்டுக் காட்டினார். என்னுடையதைவிட அவருடைய முடிச்சு சிறியது, இறுக்கமானது, எல்லாம் ஒரே அளவில் இருந்தது. ஒரு ரிப்புக்கு இருபது முடிச்சு. இரண்டு இறக்கைப் பாதிகளிலும் நடுப்பகுதியிலும் உள்ள முடிச்சுகளில் பெரும்பாலானவை அம்மா போட்டவை. நாள்குறிப்பில் அதையும் தேதியோடு எழுதியிருக்கிறேன். ஒரு நாள் ஊசியைத் திருப்பி அனுப்பாமல் மறுபக்கத்திலேயே நின்றுகொண்டு, "இந்த முடிச்சு காத்துல அவுந்துராதுல்லா?" என்று கேட்டார். மிச்சத் துணியில் ஒரு சிறு சட்டத்தைப் போர்த்தி, இருவரும் தைத்து, அதை நான் இழுத்துக் கிழிக்கும் வரை கிழித்துக் காட்டினேன். துணி கிழிந்தது, முடிச்சு நின்றது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

எஞ்சினைப் பொருத்தியது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மாடல் ஏ எஞ்சினுக்கு ஆசைப்பட்டேன், ஆனால் பழுது பார்த்துச் சீர்செய்த 65 குதிரைத்திறன் கான்டினென்டல் விமான எஞ்சின் ஒன்று அருகிலேயே கிடைத்ததால் அதை வாங்கினேன்.

எடை போட்ட நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். விமானத்தைப் பறக்கும் நிலையில் சமமட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைத்து, எடை மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். இந்த விமானத்தின் இறக்கை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 60 அங்குல அகலம். மையம் முன்விளிம்பிலிருந்து 20 அங்குலத்தைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. பீட்டன்போல் விமானங்களுக்கு வால் கனம் என்பது பிறவிக் குணம். விமானி பின் இருக்கையில் உட்காருகிறார். 1930களில் மூக்கில் இருந்த ஃபோர்டு எஞ்சின், நீரும் ரேடியேட்டருமாகச் சேர்ந்து கனமானது. இப்போது பலரும் வைக்கும் கான்டினென்டல் அதைவிட இலேசானது. என்னை உட்காரவைத்துக் கணக்கிட்டபோது மையம் 20.8 அங்குலத்தில் விழுந்தது. முக்கால் அங்குலம்தானே என்று விட முடியாது. வால் கனத்த விமானம் மூக்கைத் தூக்கித் தூக்கி வேகத்தை இழந்தால், அதை மறுபடி கவிழ்க்க வாலில் மேலும் கீழும் அசையும் தகட்டுக்கு வலு இருக்காது.

இதற்கு இந்த விமானத்தைக் கட்டியவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வழி, ஈயக்கட்டியை மூக்கில் கட்டுவதைவிட நல்லது. இறக்கையை உடலோடு இணைக்கும் நான்கு கம்பங்களைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து, இறக்கையையே பின்னால் நகர்த்திவிடுகிறார்கள். இரண்டு அங்குலம் நகர்த்தினேன். இறக்கையின் எடையும் அதோடு சேர்ந்து பின்னால் போவதால் பலன் முழு இரண்டு அங்குலமாகக் கிடைக்காது; மையம் 19.2 அங்குலத்துக்கு வந்தது. அதற்காகக் கம்பங்களின் குறுக்குத் தாங்கிகளை மறுபடி செய்து, கட்டுப்பாட்டுக் கம்பிகளை மறுபடி அளந்து, இரண்டு மாதம் போயிற்று. பெட்ரோல் மேலே இறக்கையின் நடுவிலிருந்து தானாகவே இறங்குவதால், மூக்கைத் தூக்கி நிறுத்தி, டாங்க் ஏறத்தாழக் காலியாக இருக்கும்போதும், முழு விசையில் எஞ்சின் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு பெட்ரோல் வருகிறதா என்று வாளியில் பிடித்து அளந்தேன். வந்தது.

அரசின் சார்பில் சோதிக்க வந்தவர் அரை நாள் பார்த்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்திட்டார். கதவில்லாத விமானி இருக்கையின் ஓரத்தில், சோதனை விமானம் என்று பொருள்படும் சொல்லைக் குறைந்தது இரண்டு அங்குல உயர எழுத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அதை அளவுகோல் வைத்து அளந்தார். உள்ளே, இந்த விமானம் வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்பட்டதில்லை என்று பயணிக்குச் சொல்லும் தகடும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் முன் இருக்கையில் ஏற வேண்டும்.

சென்ற செப்டம்பர் மாதம், காற்றில்லாத ஒரு காலையில், புல்தரை ஓடுபாதையிலிருந்து முதன்முறையாக ஏறினேன். 22 நிமிடம். அந்த நேரம் முழுவதும் நான் பார்த்தது எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையும், இறங்குவதற்கு ஏற்ற வயல்களையும்தான். ஒரே ஒரு முறை, இடப்பக்கம் திரும்பியபோது, மேலே இறக்கையின் அடிமுகத்தில் வெயில் பட்டு, தையல் வரிசை ரிப்புக்கு ரிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

எஞ்சினும், மூக்கில் அது சுழற்றும் விசிறியும் சான்றிதழ் பெற்ற இணையாக இருந்தால் முதல் கட்டச் சோதனை 25 மணி நேரம், இல்லையென்றால் 40. என் விசிறி கையால் செதுக்கிய மர விசிறி என்பதால் எனக்கு 40. அது முடியும் வரை குறித்த எல்லைக்குள்தான் பறக்க வேண்டும், யாரையும் ஏற்றக் கூடாது. இப்போது 31 மணி நேரம் ஆகியிருக்கிறது. முன் இருக்கையில் மணல் மூட்டைகளைக் கட்டி, பத்துப் பத்துக் கிலோவாக ஏற்றி, ஒவ்வொரு எடையிலும் ஏறும் வேகத்தையும், எந்த வேகத்தில் இறக்கை காற்றைக் கைவிடுகிறது என்பதையும் குறித்துவருகிறேன். சென்ற ஞாயிறு 40 கிலோ வரை வந்தேன். அம்மா அடுத்த மே மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் எடை கேட்டேன், 54 என்றார். இந்த வாரம் காற்று அடங்கினால், 54 கிலோ மணலோடு ஏற வேண்டும்.